ஏரிக்கு மாற்றிடம் கிடையாது

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று அடுத்தடுத்து நிறைவேறிய சட்ட முன்வடிவுகளில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தம். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எழுந்து வெளியேறின, தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்படுகிறது என்று அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம். அதே நாளில், விவாதமே இல்லாமல் அது நிறைவேறியது. ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல் தந்தார். 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. ஏரிக்கும் ஓடைக்கும் மேய்க்கால் நிலத்துக்கும் பேரவையில் எழுந்து பேச ஆள் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று விவசாயச் சங்கங்களும், பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழலியல் அமைப்புகளும் படித்துப் பார்த்து எதிர்ப்புத் தெரிவிப்பதற்குள் அது ஒப்புதல் வரிசையில் ஏறியிருந்தது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. அது ஏன் ஓயவில்லை என்பதும், ஏன் ஓயக் கூடாது என்பதும் இந்த மாநிலத்தில் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

சட்டத்தின் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புள்ள ஒரு திட்டம் வருகிறது. தொழிற்பேட்டையாக இருக்கலாம், வணிக வளாகமாக இருக்கலாம், விமான நிலையமாகவும் இருக்கலாம். அந்தப் பரப்புக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று அரசு நிலம் குறுக்கிடுகிறது. அரசு விரும்பினால் அதைச் ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவிக்கலாம். நான்கு பேர் கொண்ட வல்லுநர் குழு ஆராய்ந்து அறிக்கை தரும். அதன் பேரில் அந்தப் பொது நிலங்களைத் திட்டத்தோடு ஒருங்கிணைத்துவிடலாம். குழுவை அமைப்பது அரசு. முடிவெடுப்பதும் அரசு. அந்த ஏரியில் தண்ணீர் பாய்ச்சும் ஊரின் கிராம சபை சம்மதித்தால்தான் ஆயிற்று என்று சட்டம் நிபந்தனை வைக்கவில்லை.

அரசுத் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் ஏக்கர் தொழிற்பேட்டைக்கு நடுவே எப்போதோ மாட்டுவண்டி போன பாதை ஒன்று வரைபடத்தில் இருக்கும். அல்லது இரு பக்கமும் தூர்ந்துபோன ஒரு கிளை வாய்க்கால் இருக்கும். அதன் வகைப்பாட்டை மாற்றக் கோப்பு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தலைமைச் செயலகம் வரை ஆண்டுக்கணக்கில் அலையும். அதற்குள் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். துண்டு துண்டாக அனுமதி கொடுப்பதைவிட, மொத்தப் பரப்பையும் ஒன்றாகப் பார்த்து, நீரின் கொள்ளளவும் ஓட்டமும் குறையாமல் திட்டமிடுவதே நீர்நிலைகளுக்கும் பாதுகாப்பு என்பது அவர்கள் சொல்லும் நியாயம். வண்டிப்பாதையைப் பொறுத்தவரை இந்த வாதம் செல்லும். ஏரியைப் பொறுத்தவரை செல்லாது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்ததில்தான் கோளாறு தொடங்குகிறது.

இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் அதைப் பரந்தூரோடு சேர்த்தே படிக்கிறார்கள். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூர் வட்டாரத்தில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் கனவு அது. பின்னர் முடிவான கணக்குப்படி 5,746 ஏக்கர் தேவை. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மிச்சமுள்ள 1,972 ஏக்கர் அரசு நிலம். ‘மூன்றில் ஒரு பங்கு அரசாங்க நிலம்தானே, யாருக்கும் நட்டமில்லையே’ என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்லிவிடலாம். அந்த அரசு நிலத்தில் பெரும்பகுதி என்ன என்று அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள்: ஏரி, தாங்கல், குட்டை, வாய்க்கால். திட்டப் பரப்புக்குள் 13 ஏரிகள் இருக்கின்றன.

ஏகனாபுரம், நாகப்பட்டு, நெல்வாய், தண்டலம், வளத்தூர் என்று நீளும் இந்த ஊர்கள் தனித்தனி ஊர்களாக இருந்தாலும் தண்ணீரால் ஒன்று. காவேரிப்பாக்கம் ஏரியிலிருந்து கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் வரை வரும் கம்பன் கால்வாய் இந்த வட்டாரத்தின் ஊடாகத்தான் ஓடுகிறது. பல்லவ மன்னன் கம்பவர்மனின் பெயரோடு ஊர்மக்கள் சேர்த்துச் சொல்லும் கால்வாய் அது. வழியில் பல பத்து ஏரிகளை நிரப்பிக்கொண்டே போகிறது. அதன் ஒரு பகுதி உத்தேச ஓடுபாதைப் பரப்புக்குள் வருகிறது.

இங்கே ஒரு ஏரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோப்பில் ஏரி என்பது ஒரு சர்வே எண், ஒரு பரப்பு, ஒரு கொள்ளளவு. நிலத்தில் அது அப்படியில்லை. மேட்டுப்பகுதியில் விழும் மழை சரிந்து வரும் நீர்ப்பிடிப்பு இருக்கிறது. மேல் ஏரியிலிருந்து வரும் வரத்துக் கால்வாய் இருக்கிறது. தண்ணீர் பரவி நிற்கும் உள்வாய், அதைத் தாங்கும் கரை, கரையில் மதகுகள், நிரம்பினால் மிகுதியை வெளியேற்றும் கலங்கல், அந்தக் கலங்கல் நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் போக்குக் கால்வாய், மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள், அந்த வயல்களுக்கு நடுவே ஏரி நீரின் கசிவை நம்பி நிற்கும் கிணறுகள் என எல்லாம் சேர்ந்துதான் ஏரி. இதில் எதை எடுத்தாலும் மற்றது நொண்டும்.

இந்த அமைப்பு முழுவதும் புவியீர்ப்பின் கணக்கில் ஓடுகிறது. ஒரு அடி மேடு பள்ளம் மாறினாலும் வாய்க்கால் எதிர்த் திசையில் திரும்பிவிடும். மதகின் மட்டத்துக்குக் கீழே வயல் இருந்தால்தான் மோட்டார் இல்லாமல் தண்ணீர் பாயும். ஆகவே ‘இங்கே ஒரு ஏரியை மூடுகிறோம், அதே கொள்ளளவுக்கு வேறு இடத்தில் குளம் வெட்டித் தருகிறோம்’ என்பது பொறியாளரின் தாளில் மட்டும் சமன்படும் கணக்கு. ஐந்நூறு ஏக்கரில் ஆறடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரை நூறு ஏக்கரில் முப்பதடி ஆழத்துக்குத் தேக்கினால் கன அடி ஒன்றுதான். ஆனால் அந்த ஆழத் தண்ணீர் எந்த வயலுக்கும் தானாக ஏறி வராது. அதற்கு வரத்துக் கால்வாயும் இருக்காது. கலங்கல் நீர் போய்ச் சேர அடுத்த ஏரியும் இருக்காது. பரந்து நின்று ஊறி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று ஏற்றும் வேலையையும் அது பழையபடி செய்யாது. பெருமழையின்போது ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைச் சில மணி நேரமோ சில நாட்களோ பிடித்து வைத்து, நிதானமாகக் கீழே அனுப்புகிறது. சங்கிலியில் 13 கண்ணிகளை அறுத்துவிட்டு, அந்தப் பரப்பை மேடாக்கிக் கான்கிரீட்டும் தாரும் போட்டால், அதே மழை பல மடங்கு வேகத்தில் கீழ்ப்பகுதிக்கு வந்து சேரும். கீழ்ப்பகுதி என்பது ஸ்ரீபெரும்புதூர். அதற்கும் கீழே சென்னை.

விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே ஏரிகளைப் பாதுகாக்கலாம் என்றும் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. நீர்நிலை இருந்தால் பறவை வரும். பறவை வந்தால் விமானத்துக்கு ஆபத்து. ஓடுபாதையை ஒட்டித் தண்ணீர் தேங்காமல், பறவைகள் கூடாமல் பார்த்துக்கொள்வது உலகெங்கும் விமான நிலையப் பாதுகாப்பின் பாலபாடம். உயிரோடு இருக்கும் ஏரியும் ஓடும் விமான நிலையமும் ஒரே வேலிக்குள் நீண்ட நாள் குடித்தனம் நடத்த முடியாது. விமானத்துக்காக ஏரியின் கோரை வெட்டப்படும், கரை கான்கிரீட் ஆகும், கடைசியில் அது ஒரு மழைநீர்த் தொட்டியாக மிஞ்சும்.

ஏகனாபுரம் மக்கள் இதை ஆய்வறிக்கை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கலங்கல் எந்த மழையில் எந்தப் பக்கம் வழியும் என்று அவர்களுக்குத் தெரியும். அறிவிப்புக்கு முன்பே, 2022 ஜூலையில் தொடங்கிய அவர்கள் போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டியது. பகலில் வயல் வேலை, மாலையில் போராட்டம் என்பதே அந்த ஊரின் நடைமுறையாகிவிட்டது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிராம சபையில் மறுபடி மறுபடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஊரே வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. ஒரு குடியரசில் ஒரு ஊர் தன் மறுப்பைச் சொல்ல இதைவிட அமைதியான, இதைவிடத் தெளிவான வழி என்ன இருக்கிறது? இத்தனைக்கும் பிறகு, 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசின் கொள்கையளவு ஒப்புதல் விமான நிலையத் திட்டத்துக்குக் கிடைத்தது.

ஏரியை மூடி நகரம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. சென்னையின் மேற்கே மைல் கணக்கில் நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை, வெள்ளைக்காரர்கள் ‘லாங் டாங்க்’ என்று அழைத்துப் படகுப்போட்டி நடத்திய அந்த நீர்ப்பரப்பை, 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அதன்பின் வீட்டுவசதி வாரியமே ‘ஏரித் திட்டம்’ என்று பெயர் வைத்து மனைகள் பிரித்தது. முகப்பேரில் இன்றும் அஞ்சல் முகவரியில் அந்தப் பெயர் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு ஏரி என்றால் வெறும் காலியிடம். சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வரும் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். அதற்கு மேலே உள்ள சங்கிலி ஏரிகள் எத்தனை தூர்ந்திருந்தன, எத்தனை மறைந்திருந்தன என்று அதன்பின் மாதக்கணக்கில் பேசினோம். 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்ததையும் பார்த்தோம்.

பொது நிலம் என்பது தண்ணீர் மட்டுமல்ல. வருவாய்த் துறையின் ஏ பதிவேட்டைப் புரட்டினால் ஒரு ஊரின் வாழ்வு வரிசையாக எழுதப்பட்டிருக்கும்: மேய்க்கால், களம், தோப்பு, மந்தை, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு, இடுகாடு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம் இரண்டு ஆடு வளர்ப்பது இவற்றை நம்பித்தான். ஏரி உள்வாயில் கோரை அறுப்பது, கோடையில் வண்டல் அள்ளுவது, கலங்கலில் மீன் பிடிப்பது, குயவர் மண் எடுப்பது, வேலிக்கருவேலம் வெட்டி அடுப்பெரிப்பது என எதற்கும் ரசீது கிடையாது. அதனால் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இவை ஏறுவதில்லை. பொருளியலாளர் என்.எஸ். ஜோதா, தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட மாவட்டங்களில் ஆய்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 விழுக்காடு வரை இத்தகைய பொது நிலங்களிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் வந்தது. ஏழைக்குச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால் அதை நாம் கொள்ளை என்போம். மேய்க்காலை வேலி போட்டு அடைக்கும்போது நடப்பது அதுதான்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. ஊர்ப் பொது என்பது எல்லோருக்கும் பொதுவாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊர்க் கிணற்றிலும் குளத்துப் படித்துறையிலும் யார் இறங்கலாம் என்று சாதிதான் முடிவு செய்தது. ஏரி மீன் குத்தகையை யார் எடுப்பது, முதல் மடைத் தண்ணீர் யாருக்கு என்பதிலும் அதே கைகள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, நிலமில்லாத பறையர் குடிகளின் நிலையை ஆங்கில அரசின் முன் வைத்தது. அதன் விளைவாக 1892-இல் தொடங்கி அரசுத் தரிசுகள் பஞ்சமி நிலங்களாக ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனதும், அவற்றை மீட்கக் கோரி 1994-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்ததும் இதே வட்டாரத்தின் வரலாறு. எனவே பொது நிலத்தைக் காப்போம் என்று சொல்பவர்கள், பழைய ஊர்க் கட்டுமானத்தைக் காப்போம் என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு உரிய பங்கைக் கொடுப்பதற்குத் தரிசு நிலத்தை அரசு பயன்படுத்தினால் அதை எதிர்க்க யாருக்கும் முகாந்திரம் இல்லை. ஆனால் நூறு ஹெக்டேருக்கு மேல் என்று வரம்பு வைக்கும் சட்டம் நிலமற்றவரை நினைத்து எழுதப்பட்டதல்ல. நூறு ஹெக்டேர் வாங்கக் கூடியவர் யார் என்பது ஊரறிந்தது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் வழி சொல்லாமல் இல்லை. பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமக் குளத்தை மண் நிரப்பி வீடு கட்டிக்கொண்டவர்கள், அதை வரன்முறைப்படுத்தக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஜக்பால் சிங் வழக்கு என்று அறியப்படும் அதில், 2011 ஜனவரியில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு மறுத்துவிட்டது. எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் ஊர்ப் பொது நிலம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றது. எல்லா மாநிலங்களும் கிராமப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. விதிவிலக்காக அது ஏற்றுக்கொண்டது நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒப்படை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றை மட்டும்தான்.

அதற்கும் முன்னதாக, நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு தீர்ப்பு. திருப்பதியை ஒட்டிய அவிலாலா, பேரூரு என்ற இரண்டு ஏரிகளை வீட்டு மனைகளுக்காக ஆந்திர அரசு ஒதுக்கியது. உள்ளூர் அறிவுஜீவிகள் மன்றம் வழக்குப் போட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: ஏரியின் உடைமையாளர் என்ற இடத்தில் அரசு இல்லை, மக்களுக்காகவும் பின்வரும் தலைமுறைக்காகவும் அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாளர் என்ற இடத்தில்தான் இருக்கிறது. பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய விடுதி வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடு இது. 2006 தீர்ப்பு வருவதற்குள் திருப்பதி ஏரிகளில் கட்டடங்கள் எழுந்துவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கொண்டு கட்டக் கூடாது, மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று சொல்லத்தான் நீதிமன்றத்தால் முடிந்தது. ஏரி திரும்ப வரவில்லை. எதிர்ப்பு முன்கூட்டியே எழ வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

காப்பாளர் என்ற நிலை ஏழைக்கு ஒரு முகமும் பெரிய திட்டத்துக்கு வேறு முகமும் காட்டக் கூடாது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022-இல் இடிக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக அங்கே குடியிருந்தவர்கள் அவர்கள். இடிப்பை எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் உயிரிழந்தார். நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபகரமானது, அதில் பட்டா தர இயலாது என்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குடிசைவாசிகளிடம் வருவாய்த் துறை சொல்லிவருகிறது. அவர்களுக்கு பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வருகிறது, பிறகு பொக்லைன் வருகிறது. அதே வகைப்பாட்டு நிலம் நூறு ஹெக்டேர் திட்டத்துக்குள் வந்தால் அதை ஒருங்கிணைக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு எந்த அரசாலும் நியாயம் சொல்ல முடியாது.

மக்கள் எதிர்த்தால் எதுவும் மாறாது என்று எண்ணுபவர்கள் அரிட்டாபட்டியைப் பார்க்கலாம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது என்ற செய்தி 2024 நவம்பரில் வெளியானது. அந்தப் பரப்புக்குள் இருந்தது, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் என்பது அரசே அந்த அறிவிப்பின்போது தந்த கணக்கு. தமிழ்பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் அங்கே இருக்கின்றன. குன்றில் விழும் மழைதான் சுனையாகி, ஓடையாகி, கண்மாய்க்கு வருகிறது என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சாதி, கட்சி, மதம் தாண்டி ஊர்கள் ஒன்றுபட்டதால் கிடைத்த வெற்றி அது. அரசியல் கணக்குகளும் அதில் உண்டு, இருக்கட்டும். குன்றும் கண்மாயும் பிழைத்தன.

அந்தத் தீர்மானத்தின்போது பேரவையில் பேசப்பட்டது அத்தனையும் சரியான பேச்சு. மக்களைக் கேட்காமல் ஏலம் விட்டது தவறு. நீர்நிலையும் வாழ்வாதாரமும் கனிமத்தைவிடப் பெரிது. உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்கு மதிப்புத் தர வேண்டும். மேலூருக்குப் பொருந்தும் இந்த நியாயம் காஞ்சிபுரத்துக்கும் பொருந்தும். டெல்லி செய்தால் தவறாக இருப்பது சென்னை செய்தால் வளர்ச்சியாகிவிடாது. அரிட்டாபட்டிக்காக ஒன்றாக எழுந்து நின்ற அதே பேரவைதான் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமின்றி நிறைவேற்றியிருந்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த முரணைத் தீர்த்தாக வேண்டும்.

எதிர்ப்பவர்களை நடத்தும் விதத்திலும் மாற்றம் தேவை. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு எதிராக 2023-இல் மாதக்கணக்கில் அமர்ந்திருந்த விவசாயிகளில் ஏழு பேர் மீது அந்த ஆண்டு நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலமெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அவர்களில் ஆறு பேர் மீது அது விலக்கிக்கொள்ளப்பட்டது. தன் நிலத்தையும் ஊர் ஏரியையும் கேட்கும் விவசாயியைக் கள்ளச்சாராயம் காய்ச்சுபவரோடு ஒரே சட்டத்தில் அடைப்பது, ஒரு அரசு தன் குடிமக்களோடு பேச விரும்பவில்லை என்பதன் அறிவிப்பு.

செய்ய வேண்டியவை புரியாத புதிர்கள் அல்ல. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதே நேர் வழி. 12 மணி நேர வேலைத் திருத்தத்துக்கு அதுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை, முதலீடும் நின்றுவிடவில்லை. அதற்கு மனமில்லை என்றால், குறைந்தது ஏரி, குளம், ஓடை, வரத்துக் கால்வாய், மேய்க்கால் ஆகியவற்றைச் சட்டத்தின் எல்லையிலிருந்து முற்றாக விலக்கி, வண்டிப்பாதை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். திட்டப் பரப்புக்குள் வரும் ஊர்களின் கிராம சபை ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். ஏரியின் பாதிப்பு சர்வே எண்ணோடு முடிவதில்லை என்பதால், கலங்கல் நீர் போய்ச் சேரும் கீழ் ஏரிகளின் ஊர்களையும் அதில் சேர்க்க வேண்டும். இன்றைய நடைமுறையில் அந்த ஊர்களை யாரும் கேட்பதே இல்லை.

வல்லுநர் குழுக்களின் அறிக்கைகளிலும் ஊருக்குப் பங்கு வேண்டும். பரந்தூரின் நீரியலை ஆராய ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் அரசு குழு அமைத்தது. அத்தகைய குழு எழுதும் அறிக்கை எதுவானாலும், முடிவெடுப்பதற்கு முன்பே, தமிழில், வரைபடங்களோடு, ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். படித்துவிட்டு மறுப்புச் சொல்ல ஊருக்கு ஒரு பயிர்ப் பருவ அவகாசமாவது வேண்டும்; ஏனென்றால் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டித்தான் அவர்களால் அந்த வரைபடத்தைச் சரிபார்க்க முடியும். கோடையில் அளந்த ஓடை ஐப்பசியில் வேறாக இருக்கும்.

ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்கைச் சரிபார்ப்பதுதான் அதன் மூல வேலை. இன்று அது பெரும்பாலும் மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு ஊரின் ஏரி, ஓடை, மேய்க்கால் பரப்பு பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் எவ்வளவு, இன்று தரையில் எவ்வளவு என்று அன்றைக்கு அந்த ஊரார் முன்னிலையில் வாசிக்கச் செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். ஏகனாபுரத்திலும் நெல்வாயிலும் அதைத் தொடங்கலாம்.